அல்ட்டோ 800: ஒரு வருடக் கணக்குக் கொப்பி

இணுவிலான் | ஞாயிறு இரவு

"லீற்றருக்கு எத்தனை ஓடும்?"

கார் வாங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். கலியாண வீட்டில் கேட்கிறார்கள், சுன்னாகம் சந்தையில் கேட்கிறார்கள். போன கிழமை ஒரு செத்த வீட்டில், சவம் எடுக்கிற நேரம், சித்தப்பா முறையான ஒருவர் என் காதுக்குள் குனிந்தார். அழப்போகிறார் என்று நினைத்து அவர் தோளைப் பிடித்தேன். "தம்பி, இது லீற்றருக்கு எத்தனை போகும்?" என்றார்.

16. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டு அல்ட்டோ 800, கையால் கியர் மாற்றி ஓடும் வண்டி. ஒரு வருடத்தில் 7,200 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். 450 லீற்றர் பெற்றோல் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், டாங்க் நிறைய அடித்து முதல் 'டக்' கேட்டதும் நிறுத்தி, ஓடிய தூரத்தையும் லீற்றரையும் கொப்பியில் எழுதி வைத்தேன். 2012இல் இந்தியாவில் இந்தக் கார் வெளிவந்தபோது லீற்றருக்கு 22.74 என்று அறிவித்தார்கள். அது ஆய்வுகூடத்தில் காரை உருளையின் மேல் ஓடவிட்டு எடுத்த சோதனை. அந்த உருளையின் மேல் ஒழுங்கையும் இல்லை, மாடும் இல்லை, ரயில் கேற்றும் இல்லை.

இனி யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பெற்றோலைக் கணக்குக்கு 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 135,000. அதே வருடத்தில் முழுக் காப்புறுதி 62,000. புகைப்பரிசோதனையும் வரி அனுமதிப்பத்திரமும் சேர்த்து 6,000. ஓயில், பில்டர் மாற்றிய இரண்டு சேவிஸ் 30,000. கிளச் பிளேட், பிரேக் சூ, முன்பக்கப் புஷ் எல்லாம் சேர்ந்து 58,000. நான்கு ரயர்களை 64,000க்கு வாங்கினேன், நான்கு வருடம் ஓடும் என்று வைத்து வருடத்துக்கு 16,000 என்று எழுதினேன். பற்றரியை அப்படியே மூன்று வருடத்துக்குப் பிரித்தால் 8,000. ஆக மொத்தம் 315,000 ரூபா. கிலோமீற்றருக்கு 43 ரூபா 75 சதம். அதில் பெற்றோல் 18.75 மட்டும்தான்.

பாதிகூட இல்லாத செலவைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு.


நல்லூர் வாகன்ஆர் | ஞாயிறு இரவு

என்னுடையது 28 ஓடுகிறது. கொப்பி எழுதும் நேரத்தில் அதை விற்றுவிட்டு ஒரு வாகன் ஆர் எடுங்கள் அண்ணை.


இணுவிலான் | ஞாயிறு இரவு

28ஐ எப்படி அளந்தீர்கள்?


நல்லூர் வாகன்ஆர் | ஞாயிறு இரவு

மீற்றரில் காட்டுகிறதே.


கொக்குவில் கராச் | திங்கள் காலை

தம்பி, அந்த எண்ணைக் கடைசியாக எப்போது பூச்சியமாக்கினீர்கள்? கொழும்புக்குப் போகும்போது முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு அமத்தினீர்களா?

கேலி இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான். ஏ9 வீதியில் 60, 65இல் ஒரே சீராக ஓடிய சராசரியை மீற்றரில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் அதையே எல்லோருக்கும் காட்டுவார்கள். மீற்றர் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ரர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து அது ஒரு மதிப்பீடு போடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். இணுவில் தம்பி செய்ததுபோல் டாங்க் நிரப்பி அளந்து பாருங்கள். ஒரு முறை அளந்தால் போதாது, மூன்று டாங்க் வேண்டும். ஒரு டாங்கில் பம்ப் ஒரு லீற்றர் முந்தியோ பிந்தியோ நின்றால் கணக்கே மாறிவிடும். வாகன் ஆரின் டாங்க் சிறியது, 27 லீற்றர்தான்.


ஸ்காபரோ மகன் | திங்கள் மாலை

நல்ல நேரத்தில் இந்த இழையைக் கண்டேன். சண்டிலிப்பாயில் அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. நன்றாக ஓட்டுவார், அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக், மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயில், கலியாணம், சாமத்திய வீடு. மாதத்துக்கு 250 கிலோமீற்றர் தாண்டாது. சின்னக் கார் ஒன்று எடுத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எது நன்றாக ஓடும்?

ஒரு சின்னக் குழப்பம். இங்கே கனடாவில் நாங்கள் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றுதான் பேசுகிறோம். லண்டனில் இருக்கும் மச்சான் கலனுக்கு எத்தனை மைல் என்கிறான். மூன்று நாட்டு உறவினர் ஒரு காரைப் பற்றி வட்ஸ்அப்பில் பேசினால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை.


இணுவிலான் | திங்கள் இரவு

100ஐ உங்கள் எண்ணால் வகுத்தால் எங்கள் எண் வரும். 6 லீற்றர் என்றால் 16.7. மச்சான் சொல்லும் பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், ஆகவே அவருடைய 50 எங்கள் 17.7. அமெரிக்கக் கலன் அதைவிடச் சின்னது, அதைக் கொண்டுவந்து கலக்க விடாதீர்கள்.

ஆனால் அண்ணை, மாதம் 250 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு "எது நன்றாக ஓடும்" என்பது கேள்வியே இல்லை. வருடத்துக்கு 3,000 கிலோமீற்றர். 14 ஓடுகிற காரில் 64,000 ரூபா, 20 ஓடுகிற காரில் 45,000. வித்தியாசம் 19,000 ரூபா. இங்கே ஒரு நல்ல ரயரின் விலையை விடக் கொஞ்சம்தான் அதிகம்.


பழைய ஏ-40 | செவ்வாய் காலை

நீங்கள் எல்லோரும் பெற்றோலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் பெற்றோலை மணந்துகூடப் பார்க்காத காலம் ஒன்று இருந்தது.

பொருளாதாரத் தடை. தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. என்னிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 இருந்தது, ஹயருக்கு ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடினோம். இளையவர்கள் இதைக் கதை என்று நினைப்பார்கள். விளக்கமாகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. அதனால் ஸ்ராட் செய்ய மட்டும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அந்தப் போத்தலை வீட்டில் சாமி அறைக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருந்தேன். என்ஜின் நன்றாகச் சூடேறிய பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பழைய என்ஜின்களுக்கு அமுக்கம் குறைவு, ஆகவே தாங்கின. இப்போதைய காரில் அப்படி ஊற்றினால் அன்றே கதை முடிந்துவிடும். ஓடி முடித்து வீட்டுக்கு வரும்போது, ஒழுங்கை முகப்பிலேயே மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். காபரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றால் காலையில் கார் அசையாது. பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவான். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது பல் விளக்குவது போல அன்றாட வேலை.

லீற்றருக்கு எத்தனை ஓடியது என்று என்னிடம் அப்போது யாரும் கேட்கவில்லை. ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.


நல்லூர் வாகன்ஆர் | செவ்வாய் மதியம்

ஐயா, அந்த ஏ-40 இப்போது எங்கே?


பழைய ஏ-40 | செவ்வாய் மதியம்

1995 இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வரும்போது இருந்த இடத்தில் நான்கு கல் மட்டும் இருந்தது.


ரீச்சர், நெல்லியடி | செவ்வாய் இரவு

இணுவிலான் தம்பியின் கணக்கு அவருக்குச் சரி, எனக்குச் சரிவராது. நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொடிகாமம் போய் ஏ9இல் ஏறி, போய்வர நாளுக்கு 110 கிலோமீற்றர். வருடத்தில் 200 நாள் என்று பாருங்கள், 22,000 கிலோமீற்றர் வருகிறது. லீற்றருக்கு 16 ஓடினால் எனக்கு 412,500 ரூபா. 22 ஓடினால் 300,000. இந்த வித்தியாசம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

என்னிடம் இருப்பதும் 660 சிசி வாகன் ஆர்தான். 22 என்பது கண்ணால் கண்ட கணக்கு, டாங்க் நிரப்பி அளந்தது. ஆனையிறவில் காற்று எதிராக அடிக்கும் மாதங்களில் 20க்கு வந்துவிடும். உயரமான பெட்டி போன்ற கார், காற்று அதைப் பிடித்துத் தள்ளும். 70ஐத் தாண்டினால் பெற்றோலும் போகும், பொலிஸ் தண்டமும் வரும், ஆகவே 65இல் போவேன்.

இன்னொன்று. என்னோடு மூன்று ஆசிரியைகள் வருகிறார்கள். பெற்றோலை நான்காகப் பிரிக்கிறோம். அந்தக் கணக்கில் என் கார் லீற்றருக்கு 88 ஓடுகிறது.


திருநெல்வேலிச் சந்தி | செவ்வாய் இரவு

ரீச்சரின் 88தான் இந்த இழையின் சாதனை.

ஒரு கேள்வி: 95 ஒக்ரேன் அடித்தால் கூடுதலாக ஓடுமா? ஓடும் என்று நண்பன் சத்தியம் செய்கிறான்.


கொக்குவில் கராச் | புதன் காலை

ஓடாது. ஒக்ரேன் என்பது பெற்றோலின் சக்தி இல்லை. அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்ற அளவு. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கான குறைந்தபட்ச வரம்பே 89தான். அங்கே அதற்காகச் செய்த சின்னக் கார்களுக்கு எங்கள் 92 தாராளம். என்ஜின் தட்டுகிறது என்றால் 95 அடித்து மறைக்காமல் காரணத்தைப் பாருங்கள்.

உண்மையில் பெற்றோல் குடிப்பது வேறு நான்கைந்து விடயங்கள். சுன்னாகத்தில் இருந்து வருகிறவர் ஒருவர் தன் கார் 11தான் ஓடுகிறது என்று சண்டைக்கு வந்தார். விசாரித்தால், காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஒன்றரைக் கிலோமீற்றர், திரும்பி வந்து நிறுத்துகிறார். பத்து மணிக்குச் சந்தைக்கு, மறுபடி நிறுத்துகிறார். என்ஜின் ஒருநாளும் முழுதாகச் சூடாவதில்லை. குளிர்ந்த என்ஜின் பெற்றோலைக் கூடுதலாகக் கேட்கும். இந்தப் பாவனையில், பெற்றோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் காரும் தன் வித்தையைக் காட்டாது. சந்தியில் கார் நின்றால் என்ஜின் தானாக அணையும் வசதிகூட என்ஜினும் பற்றரியும் ஆயத்தமான பின்புதான் வேலை செய்யும்.

அடுத்தது ஏசி. பெரிய காருக்கு ஏசி ஒரு கைப்பை என்றால் 800 சிசிக்கு அது அரிசி மூட்டை. சித்திரை வெயிலில் பூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டுவிட்டு ஏசியைப் போடுங்கள். ரயர்க் காற்றுக்கு வாசல் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள், காற்றடிக்கும் பையனின் கையை நம்பாதீர்கள்.

இனி எங்கள் ஊருக்கே உரிய இரண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் இருந்து வருகிறது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேற்றருக்குள்ளும் படியும். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ற் மட்டும். அடைபட்ட ரேடியேற்றரோடு எத்தனை கார் சூடேறி, ஹெட் வளைந்து இங்கே வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்தச் செலவுக்குப் பத்து வருடம் கூலன்ற் வாங்கலாம்.

மற்றது உப்பு. தீவுப்பகுதி, காரைநகர், கரையோரம் ஓடிய கார் என்றால் படுத்துக் கீழே பாருங்கள். மேலே மினுக்கம் இருக்கும், கீழே அப்பளம் இருக்கும். உவர்த் தண்ணீரில் கார் கழுவுகிறவர்களுக்கும் அதே கதி.


ஸ்காபரோ மகன் | புதன் இரவு

கராச் அண்ணைக்கு நன்றி. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம் இருப்பதால் கிளச் இல்லாத கார் என்றால் நல்லது என்று அம்மா சொல்கிறா. ஹைபிரிட் எடுத்தால் பற்றரி போய்விடும் என்று எல்லோரும் பயப்படுத்துகிறார்கள். உண்மையா?


கொக்குவில் கராச் | வியாழன் காலை

ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விலங்குகள் இருக்கின்றன. வாகன் ஆரில் இருப்பது சின்ன லிதியம் பற்றரி. அதன் மோட்டார் என்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். சின்ன உதவி, பழுதானாலும் சின்னச் செலவு. அதற்கு மேலதிகமாக வழமையான பற்றரி ஒன்றும் உண்டு. அடிக்கடி நின்று எழும்பும் காருக்கென்றே செய்யப்பட்ட வகை அது, விலையும் கூட. மலிவு என்று சாதாரணப் பற்றரியைப் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும்.

டொயோட்டா அக்குவா வேறு சாதி. அதன் மோட்டார் தனியாகவே காரை இழுக்கும். பின் இருக்கைக்குக் கீழே 144 வோல்ற் நிக்கல் பற்றரி, 20 கட்டாக இருக்கும். அதைக் குளிராக வைத்திருக்க இருக்கை ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதன் மேல் தேங்காய்ச் சாக்கை வைப்பார்கள், செம்மண் தூசி போய் விசிறியை அடைத்துவிடும். பற்றரி வெந்து சாகும். பிறகு "ஹைபிரிட் கூடாது" என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த விசிறியைத் துப்புரவு செய்தால் பாதிப் பிரச்சினை இல்லை. மீதிப் பாதி வயது. பத்துப் பன்னிரண்டு வருடப் பற்றரிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தர மாட்டேன்.

மாதம் 250 கிலோமீற்றருக்கு இது எதுவும் தேவையில்லை. தானியங்கிக் கியர் உள்ள சாதாரண 1000 சிசி போதும். டொயோட்டா விற்ஸ் எடுக்கலாம், மூன்று சிலிண்டர், சிக்கல் குறைவான என்ஜின். ஆனால் விலை இப்போது தலைக்கு மேலே.


நல்லூர் வாகன்ஆர் | இரண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு

மூன்று டாங்க் அளந்துவிட்டேன். 20.4, 19.6, 20.1. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள்.

ஆனாலும் 16ஐவிட 20 நல்லதுதானே?


இணுவிலான் | ஞாயிறு இரவு

அளந்ததற்குப் பாராட்டு. உங்கள் 20ஐ எடுத்து என் 7,200 கிலோமீற்றரில் போட்டேன். 360 லீற்றர், 108,000 ரூபா. எனக்கு வருடம் 27,000 மிஞ்சும். நான் என் காரை 34 இலட்சத்துக்கு வாங்கினேன். உங்களுடையது 58 என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இடையில் 24 இலட்சம். 27,000 வீதம் சேமித்து அந்த 24 இலட்சத்தை எடுக்க 89 வருடம் வேண்டும். உங்கள் பேரன் கடைசித் தவணையைக் கொண்டாடுவான்.


நல்லூர் வாகன்ஆர் | ஞாயிறு இரவு

இது அநியாயக் கணக்கு. 24 இலட்சம் எங்கே போய்விட்டது? என் படலைக்குள் காராக நிற்கிறது. நாளைக்கு விற்றால் காசு. நீங்கள் அதைச் செலவு என்று எழுதுவது எப்படி?


இணுவிலான் | ஞாயிறு இரவு

சரி. ஒப்புக்கொள்கிறேன், அந்த 89 வருடக் கணக்குப் பிழை. ஆனால் பிழை திருத்தினாலும் உங்களுக்கு வசதியாக இல்லை. 24 இலட்சம் வங்கியில் நிலையான வைப்பில் கிடந்தால் 8 சதவீதத்துக்கு வருடம் 192,000 தரும். நீங்கள் அதை விட்டுக்கொடுத்து 27,000 ரூபாப் பெற்றோலை மிச்சப்படுத்துகிறீர்கள்.

எனக்கும் அதே கத்திதான். என் 34 இலட்சத்துக்கு வட்டி 272,000. அதைச் சேர்த்தால் என் வருடச் செலவு 315,000 இல்லை, 587,000. கிலோமீற்றருக்கு 81 ரூபா 53 சதம். பெற்றோல் அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதை எழுதிய இரவு காரைப் போய்ப் பார்த்தேன். பாவம், அது ஒன்றும் அறியாமல் நின்றது.


திருநெல்வேலிச் சந்தி | திங்கள் காலை

2019இல் வாங்கியவன் 2022இல் இரட்டிப்பு விலைக்கு விற்றானே, அந்தக் கணக்கு எங்கே? வட்டி என்ன வட்டி. கார் வாங்கினவன்தான் வென்றான்.


ரீச்சர், நெல்லியடி | திங்கள் மாலை

தம்பி, அது காரின் வெற்றி இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபா விழுந்தது, டொலர் 200இல் இருந்து 360ஐத் தொட்டது. இருக்கிற கார்தான் கார் என்று ஆனது. இப்போது 2025 பெப்ரவரியில் இருந்து இறக்குமதி திறந்திருக்கிறது. வரி மலைபோல் இருப்பதால் விலை இன்னும் சரியவில்லை, ஆனால் மறுபடி இரட்டிக்கும் என்று நினைத்துக் கடன் எடுக்காதீர்கள். என் கூடப் படிப்பிக்கும் ஒருவர் அப்படி லீசிங்கில் எடுத்தார். அவருடைய மாதத் தவணை, நான் மேலே சொன்ன பெற்றோல் கணக்கை எல்லாம் பகிடியாக்கிவிடும். அவர் காரை வீட்டில் நிறுத்திவிட்டு என் காரில் வருகிறார்.

லீற்றர்க் கணக்கு எங்கள் மண்டையில் ஏறியதே அந்த 2022இல்தான் என்று நினைக்கிறேன். யூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதற்கும் இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து எந்த நாள் என்று சொன்னார்கள். 92 ஒக்ரேன் 470 ரூபா வரை போனது. அப்போது 20 லீற்றரில் 320 கிலோமீற்றரா 440 கிலோமீற்றரா என்பது, பள்ளிக்கூடம் போவதா விடுவதா என்ற கேள்வி. அட்டை 2023 செப்டெம்பரில் நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை.


இணுவிலான் | திங்கள் இரவு

இதை நான் யோசிக்கவில்லை ரீச்சர். வரிசையில் இரவிரவாக நின்றவனுக்கு 16க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் 27,000 ரூபா இல்லை. கொப்பியில் அதற்கு ஒரு நிரல் என்னிடம் இல்லை.


ஸ்காபரோ மகன் | செவ்வாய் மாலை

அப்பாவிடம் முச்சக்கரவண்டிக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறார். சராசரி 18,000. வருடத்துக்கு 216,000.

கார் என்றால்? இணுவிலான் அண்ணையின் முறைப்படி 3,000 கிலோமீற்றருக்குப் போட்டுப் பார்த்தேன். பெற்றோல் 64,000, காப்புறுதி 62,000, அனுமதிப்பத்திரம் 6,000, ஒரு சேவிஸ் 15,000, ரயர் பற்றரி 20,000, திருத்த வேலை 40,000. மொத்தம் 207,000. முச்சக்கரவண்டிச் செலவோடு ஏறத்தாழ ஒன்று. 34 இலட்சத்துக்கு வட்டியைச் சேர்த்தால் 479,000, இரட்டிப்புக்கும் மேலே.

என்றாலும் போன மார்கழியில் அம்மாவுக்கு இரவு ஒரு மணிக்கு மூச்சு முட்டியது. மழை. வழமையாக வரும் முச்சக்கரவண்டித் தம்பி போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் வானில் கொண்டுபோனார். நான் ஸ்காபரோவில் பனிக்குள் காரில் இருந்து இதைப் போனில் கேட்டேன். ஆகவே வட்டிக் கணக்கைப் பார்த்துவிட்டேன், நன்றி, கார் வாங்கத்தான் போகிறேன்.


கொக்குவில் கராச் | புதன் காலை

வாங்குங்கள். ஆனால் குறைவாக ஓடும் காருக்கு வேறு நோய்கள் வரும் என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். பத்து நாள் ஸ்ராட் செய்யாமல் விட்டால் பழைய பற்றரி இறங்கிவிடும். கிழமைக்கு இரண்டு தரம் அரை மணித்தியாலம் ஓட வேண்டும், நின்ற இடத்தில் உறுமவிட்டால் போதாது. ரயர் தேயாது, ஆனால் வயதாகும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பழைய ரயரில் கிளிநொச்சி போகாதீர்கள். ஓயிலைக் கிலோமீற்றர் பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பிறகு எலி. நிற்கிற கார் எலிக்கு வீடு. வயரைக் கடித்து வைத்தால் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போகும், உங்களுக்கு ஒரு மாதப் பெற்றோல் காசு போகும். மாமரத்துக்குக் கீழே நிறுத்த வேண்டாம்.

கார் கண்டுபிடித்துவிட்டீர்களா?


ஸ்காபரோ மகன் | வியாழன் இரவு

ஒன்று கிடைத்திருக்கிறது. தானியங்கிக் கியர், 1000 சிசி, 41 இலட்சம் சொல்கிறார்கள். விளம்பரத்தில் "லேடி டொக்டர் ஓடியது" என்று இருக்கிறது.


நல்லூர் வாகன்ஆர் | வியாழன் இரவு

யாழ்ப்பாணத்தில் விற்பனைக்கு வந்த கார்கள் எல்லாவற்றையும் ஒரே லேடி டொக்டர்தான் ஓடியிருக்கிறா. அவ எப்போது நோயாளியைப் பார்த்தா?


கொக்குவில் கராச் | வெள்ளி காலை

டொக்டர் ஓடினாலும் சரி, மந்திரி ஓடினாலும் சரி. அப்பாவையும் விற்பவரையும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என்னிடம் வரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: கார் தூரத்தில் நிற்கிறது என்றால் வெள்ளி இரவே கொண்டுவந்து இங்கே விடட்டும். எனக்குக் குளிர்ந்த என்ஜின் வேண்டும். சூடாக்கிக் கொண்டுவரும் காரில் பாதி வருத்தம் தெரியாது.


ஸ்காபரோ மகன் | சனி

அப்பா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்ஜின் நல்லது, கியர் நல்லது, ஏசி குளிர்கிறது. கராச் அண்ணை கீழே படுத்து ஒரு திருப்புளியால் தட்டினாராம். இரண்டாவது தட்டில் திருப்புளி உள்ளே போய்விட்டதாம். கார் ஏழு வருடம் ஊர்காவற்றுறையில் கடற்கரையோரம் நின்றிருக்கிறது. விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா திரும்பி வரும்போது முச்சக்கரவண்டிக்கு 900 ரூபா கொடுத்தாராம். நாட்காட்டியில் எழுதிவிட்டார். மானிப்பாயில் இன்னொன்று நிற்கிறதாம், அடுத்த சனிக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.


பழைய ஏ-40 | சனி இரவு

மானிப்பாய்க் கார் என்ன நிறம்?